முதுமைக் குரலில் இளமைப் பாட்டு

ஒரு பெண்மணி தம்முடைய 23ஆவது வயதில் ஒரு பாட்டை இயற்றுகிறார். அதே பாட்டைத் தம்முடைய 56ஆவது வயதில் பெரியதோர் வாத்தியக் குழுவின் நடுவே நின்று மீண்டும் பாடுகிறார். பாட்டு அதுவே, பாடுபவரும் அவரே. ஆயினும் கேட்பவர் செவியில் விழுவது வேறொரு பாட்டாக இருக்கிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நான் இசைவாணன் அல்லன். ஒரு பாடசாலை அதிபர். மேனாட்டு இசையின் இலக்கணத்தை முறையாகக் கற்றவனும் அல்லன். ஆகவே ஓர் இசையறிஞரின் ஆராய்ச்சியை நீங்கள் என்னிடம் எதிர்பார்த்தல் வேண்டாம். இந்த இசைத்தட்டைப் பற்றிப் பேச எனக்கொரு காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் ஆண்டு விழா நடைபெற்றது. பாடசாலைக் கீதத்துக்கு மெட்டமைத்த சங்கீத ஆசிரியை ஒருவர், ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், விழாவுக்கு வந்திருந்தார். கீதத்தை அன்று தாமே பாட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாய் திறந்து கேட்கவில்லை. ஆயினும் அவ்வாசை எனக்குத் தெரிந்தே இருந்தது. குரல் தளர்ந்துவிட்டதே, அவைக்கு ஒவ்வாதே என்றெண்ணி, 16 வயது மாணவி ஒருத்தியைப் பாட வைத்தேன். அவளும் பிழையின்றிப் பாடினாள். விழா முடிந்ததும் ஆசிரியை என்னிடம் வந்து, "பிள்ளை நன்றாகப் பாடினாள், தம்பி. சுருதி ஓரிடத்திலும் விலகவில்லை" என்றார். அவ்வளவுதான். பின்னர், ஆசிரியர் அறையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, தமக்குள்ளேயே அதே கீதத்தை மெல்ல முணுமுணுத்தார். குரல் ஈரிடத்தில் உடைந்தது. நாள்தோறும் காலையிற் கேட்டுப் பழகிய அந்த அடிகளுக்கு இத்துணைப் பொருள் இருந்ததா என்று நான் வியந்து நின்றேன். நான் செய்தது தவறு என்பதும் அக்கணமே விளங்கிற்று. அது விளங்கிய நேரத்தில் விழா முடிந்துவிட்டிருந்தது.

இவ்வனுபவத்தின் பின்னரே ஜோனி மிற்செல் அம்மையாரின் இசைத்தட்டு ஒன்று என் கைக்கு வந்தது. 'போத் சைட்ஸ் நௌ' என்பது அதன் பெயர்; 'இப்போது இரு புறமும்' என்று நாம் அதனைத் தமிழிற் சொல்லலாம். 2000ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று.

ஜோனி மிற்செல், நம்மவர் பலர் இன்று குடியேறி வாழும் கனடா நாட்டைச் சேர்ந்தவர். 1943ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி அல்பேட்டா மாகாணத்தில் பிறந்தார். சஸ்கட்சுவான் மாகாணத்தின் பரந்த சமவெளியில் வளர்ந்தார். 9 வயதில் இளம்பிள்ளை வாதம் அவரைப் பற்றிக்கொண்டது. நோய் நீங்கிற்று, ஆனால் இடக்கை வலுவிழந்தது. கிற்றார் வாத்தியத்தில் இடக்கை விரல்களே தந்திகளை அழுத்திச் சுரங்களைப் பிறப்பிக்க வேண்டும். வழக்கமான விரலமைப்புகள் அவருக்கு எளிதாயில்லை. ஆகவே தந்திகளின் சுருதியையே தமக்கேற்றவாறு மாற்றிக் கூட்டி வாசிக்கலானார். பிறர் கிற்றாரில் எழாத ஓசைகள் அவர் கிற்றாரில் எழுந்தன. குறையைக் கொண்டே ஒரு புது வழியைக் காணும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது எனலாம்.

1960ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவின் கோப்பிக் கடைகளில் நாட்டுப்பாடல் மரபு ஒன்று செழித்தது. ஒருவர், ஒரு கிற்றார், ஓர் ஒலிவாங்கி. இவ்வளவே அதற்கு வேண்டியவை. பழைய நாட்டுப்பாடல்களைப் பாடியவர்கள் காலப்போக்கில் தாமே பாட்டியற்றிப் பாடத் தொடங்கினர். எளிமையே உண்மையின் அடையாளம் என்பது அவர்களுடைய கொள்கை. ஆடம்பரமான வாத்தியக் குழுவும் பளபளக்கும் மேடையும் அவர்களுக்கு ஆகாதவை. 1965ஆம் ஆண்டில் நியூபோட் நாட்டுப்பாடல் விழாவில் பொப் டிலன் மின்சாரக் கிற்றாரை ஏந்தி வந்தபோது, கேட்க வந்தோரில் ஒரு சாரார் கூச்சலிட்டு எதிர்த்தனர். அம்மரபின் கட்டுப்பாடு எத்தகையது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று.

இம்மரபில் வந்தவரே ஜோனி மிற்செல். 1967ஆம் ஆண்டில் விமானப் பயணமொன்றின்போது, சோல் பெலோ எழுதிய 'ஹென்டர்சன் த றெயின் கிங்' என்னும் நாவலை வாசித்துக்கொண்டிருந்தார். கதாநாயகன் விமானத்திலிருந்து கீழே முகில்களைக் காணும் இடம் வந்தது. நூலை மூடிவிட்டுத் தாமும் சாளரத்தின் வழியே கீழே நோக்கினார். மண்ணிலிருந்து அண்ணாந்து பார்த்த முகிலும் விண்ணிலிருந்து குனிந்து பார்த்த முகிலும் வெவ்வேறாகத் தோன்றின. அதிலிருந்தே அப்பாட்டுப் பிறந்தது. முகிலை இரு புறமும் பார்த்தேன், காதலை இரு புறமும் பார்த்தேன், வாழ்வையும் இரு புறமும் பார்த்தேன். ஆயினும் எதனையும் முற்ற அறிந்தேனல்லேன் என்பது அதன் கருத்து.

இந்தப் பாட்டை ஜூடி கொலின்ஸ் என்னும் பாடகியார் முதலில் இசைத்தட்டிற் பாடி, 1968ஆம் ஆண்டில் அது பெரும் புகழ் பெற்றது. ஜோனி தாமே 1969ஆம் ஆண்டில் 'கிளவுட்ஸ்' என்னும் தட்டிற் பாடினார். தனியொரு கிற்றாரும் மணியோசை போன்ற உயர்ந்த குரலும் மட்டுமே அதில் உண்டு. கேட்க இனிமையானதே. எனினும் ஓர் ஐயம் எழத்தான் செய்யும். இருபது வயதைச் சற்றே கடந்த பெண், வாழ்வின் இரு புறத்தையும் எப்போது கண்டாள்? அக்காலத்திலேயே இதனைக் கேட்டவர்கள் உண்டு.

பாடசாலையிலும் நாம் இதையே செய்கிறோம் அல்லவா? நிலையாமை பற்றிய செய்யுள்களைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவர்களும் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள். அவர்கள் ஒப்புவிப்பது பொய்யன்று. அதன் பொருள் அவர்களிடம் வந்து சேரக் காலம் வேண்டும், அவ்வளவே. இளம்பெண் ஜோனி பாடியதும் அத்தகையது என்றே நான் கருதுகிறேன்.

இனி, அம்மையார் நாட்டுப்பாடல் மரபிலிருந்து ஜாஸ் இசையை நோக்கி நடந்த வழியைச் சுருக்கமாகக் காண்போம். இது திடீரென நிகழ்ந்த மாற்றமன்று. 1974ஆம் ஆண்டில் வெளியான 'கோட் அன்ட் ஸ்பாக்' என்னும் தட்டிலேயே ஜாஸ் வாத்தியக்காரர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர் சாள்ஸ் மிங்கஸ் என்னும் பெரும் ஜாஸ் மேதை, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தபோது, தம்முடைய மெட்டுகளுக்குச் சொல் எழுதித் தருமாறு ஜோனியை அழைத்தார். அப்பணி நிறைவுறு முன்னரே, 1979ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதி, தமது 56ஆவது வயதில் மிங்கஸ் காலமானார். 'மிங்கஸ்' என்ற பெயரிலேயே அத்தட்டு அவ்வாண்டில் வெளியாயிற்று. நாட்டுப்பாடலை விரும்பியோர் பலர் அவரைப் பின்தொடரவில்லை. வணிக நோக்கிற் பார்த்தால் இழப்பே. அம்மையாரோ திரும்பிப் பார்க்கவில்லை.

2000ஆம் ஆண்டின் தட்டில் அவர் எடுத்துக்கொண்டது அதனினும் பழைய இசை. பெருவாத்தியக் குழுக்கள் கோலோச்சிய காலத்தின் இசை அது. ட்ரம்பற், ட்றொம்போன், சக்சபோன் ஆகிய ஊதுவாத்தியங்கள் அணியணியாக அமர்ந்திருக்கும். ஓர் அணி கேள்வி கேட்பது போல் ஊத, மற்றோர் அணி மறுமொழி கூறுவது போல் ஊதும். பியானோ, கிற்றார், பேஸ், மேளம் ஆகிய நான்கும் தாளத்தைத் தாங்கி நிற்கும். டியூக் எலிங்டன், கவுன்ட் பேசி, பெனி குட்மன், கிளென் மில்லர் முதலியோர் இத்தகைய குழுக்களை நடத்திப் புகழ் பெற்றனர். 1935ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அமெரிக்க நாட்டின் நடன மண்டபங்களும் வானொலி நிலையங்களும் இவர்கள் இசையால் நிறைந்திருந்தன. இரண்டாம் உலகப் போர் அக்குழுக்களைக் குலைத்தது. வாத்தியக்காரர் பலர் படைக்குச் சென்றனர். கிளென் மில்லர் 1944ஆம் ஆண்டு டிசம்பரில், ஆங்கிலக் கால்வாயின் மேல் விமானத்திற் சென்றவர், மீளவேயில்லை. போருக்குப் பின்னர் அத்துணைப் பெரிய குழுவுக்குச் சம்பளம் கொடுத்து நடத்துவதும் அரிதாயிற்று.

இவ்விசையின் வேர் கறுப்பின மக்களின் வாழ்வில் ஊன்றியது என்பதையும் நாம் மறத்தலாகாது. இத்தட்டில் ஜோனி பாடியுள்ள 'ஸ்ரோமி வெதர்' என்னும் பாட்டை 1933ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து ஹார்லத்தில், கொட்டன் கிளப் என்னும் விடுதியில், எதெல் வோட்டர்ஸ் பாடிப் புகழ்பெறச் செய்தார். மேடையில் ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பினத்தவர். கீழே அமர்ந்து கேட்கும் உரிமையோ வெள்ளையர்க்கு உரியதாக இருந்தது. புயலும் மழையும் பற்றிய அப்பாட்டின் துயரம் காதற் பிரிவின் துயரம் மட்டுந்தானா என்று எண்ணத் தோன்றுகிறது.

தட்டில் மொத்தம் 12 பாட்டுகள். அவற்றுள் 10 பிறர் இயற்றிய பழம் பாட்டுகள். 2 அம்மையார் தாமே இயற்றியவை. வரிசை ஒழுங்கிலேதான் இதன் நுட்பம் இருக்கிறது. முதற் பாட்டில் காதல் அரும்புகிறது. கிளென் மில்லர் குழுவினர் 1942ஆம் ஆண்டில் ஒரு திரைப்படத்தில் இசைத்த 'அற் லாஸ்ற்' என்னும் இரண்டாம் பாட்டில் அது கைகூடுகிறது. பின்னர் ஐயம், மனத்தாங்கல், மன்றாட்டம், பிரிவு, பிரிந்தபின் எழும் கசந்த சிரிப்பு என ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு படியாக இறங்கிச் செல்கிறது. பன்னிரண்டாவதாக, இறுதியில், தமது பழைய பாட்டைப் பாடுகிறார். நம் அகத்திணையில் புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலுமாக ஒரு வாழ்வு விரிவதைப் போல, பல ஆசிரியரின் தனிப்பாட்டுகள் இங்கே ஒரே கதையாக விரிகின்றன.

இலண்டன் நகரில், முன்னர் தேவாலயமாக இருந்து பின்னர் ஒலிப்பதிவு மண்டபமாக மாற்றப்பட்ட கட்டடத்தில், ஏறத்தாழ 70 வாத்தியக்காரர் கூடி இதனை இசைத்தனர். வாத்தியங்களுக்கு இசையமைத்து நெறிப்படுத்தியவர் வின்ஸ் மென்டோசா. அம்மையாருடன் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றவர் லறி கிளைன்; இவர் ஒருகாலத்தில் ஜோனியின் கணவராக இருந்து, 1994ஆம் ஆண்டில் மணமுறிவு பெற்றவர். பிரிந்த இருவர் சேர்ந்து, காதல் தோன்றி மறையும் கதையை ஒரு தட்டாக ஆக்கினர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஹேர்பி ஹன்கொக் பியானோவிலும் வெய்ன் ஷோட்டர் சக்சபோனிலும் துணை நின்றனர்.

குரலைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். சிறு வயது முதல் புகைப்பழக்கம் உடையவர் அம்மையார். தட்டின் முகப்பிலே தாமே தீட்டிய தம்முடைய ஓவியத்திலும் கையில் சிகரெட் இருக்கிறது. காரணம் எதுவாயினும், மணிபோன்ற அந்தப் பழைய குரல் போய்விட்டது. உச்சத்தில் நின்ற குரல் கீழே இறங்கிவிட்டது, கரகரப்பு ஏறிவிட்டது, மூச்சின் நீளமும் குறுகிவிட்டது. நம் கருநாடக இசையிலும் வயது முதிர்ந்த வித்துவான்கள் சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை எனக் குறைத்துக்கொள்வதைக் காண்கிறோம். அதனை நாம் இழுக்காகக் கருதுவதில்லை. குறைந்த சுருதியிலே நின்று நிதானமாக ராகத்தைக் காட்டும்போது, இளம் பிர்காக்களுக்கு எட்டாத ஓர் ஆழம் புலப்படுவதுண்டு.

ஜோனியும் அதையே செய்கிறார். தாளத்தோடு ஒட்டிப் பாடாமல், சிறிது பின்தங்கி, சொல்ல மனமில்லாதவர் சொல்வது போலச் சொல்லை இறக்கி வைக்கிறார். தனியே கிற்றார் மீட்டிப் பாடுபவர் இவ்வாறு பின்தங்க முடியாது. தாளத்தைக் காப்பவரும் அவரேயன்றோ? பின்னே எழுபது பேர் தாளத்தைத் தாங்கி நிற்கும்போதே பாடுபவர்க்கு இச்சுதந்திரம் கிடைக்கிறது. எளிமையை விட்டு ஆடம்பரத்தை நாடினார் என்று குறை கூறுவோர்க்கு இதுவே மறுமொழி. பெரிய குழு இங்கே அலங்காரமன்று. தளர்ந்த குரல் சாய்ந்து நிற்பதற்கான தூண் அது.

இவ்வழியில் அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பில்லி ஹொலிடே என்னும் மாபெரும் ஜாஸ் பாடகியார், 1958ஆம் ஆண்டில், நலிந்து சிதைந்த குரலோடு, வயலின்கள் நிறைந்த குழுவின் நடுவே 'லேடி இன் சற்றின்' என்னும் தட்டைப் பாடினார். அடுத்த ஆண்டே 44 வயதில் மறைந்தார். அத்தட்டில் அவர் பாடிய 'யூவ் சேஞ்ச்ட்' என்னும் பாட்டை ஜோனியும் இங்கே பாடியிருக்கிறார். இருவர் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒருவர் மற்றவர்க்குச் செய்யும் வணக்கம் அது என்பது புலனாகும்.

இத்தட்டில் குறையே இல்லையா எனின், உண்டு. சில இடங்களில் வயலின்களின் பெருக்கு மிகுந்து, பாட்டைக் காட்டிலும் படுக்கை பெரிதாகிவிடுகிறது. சில பாட்டுகளில் பழைய பாடகியரின் நிழல் நீங்கவில்லை. அவற்றை முன்னோர் இவரினும் நன்றாகவே பாடினர் என்பேன். ஆனால் இறுதிப் பாட்டுக்கு வரும்போது ஒப்பிட எவரும் இல்லை. இளம் ஜோனி ஒருவரே அவர்க்குப் போட்டி.

அப்பாட்டில் வாத்தியங்கள் மிக மெதுவாக எழுகின்றன, கீழே விரிந்த முகில் போல. பின்னர் குரல் வருகிறது. வாழ்வை நான் அறிந்தேனல்லேன் என்று 1969இல் பாடியவள், அறிய வேண்டியது இன்னும் இருக்கிறது என்ற பொருளிற் பாடினாள். 2000ஆம் ஆண்டில் பாடியவரோ வறுமையைக் கண்டவர். வளர்க்க வழியின்றித் தாம் பெற்ற மகளை 1965இல் பிறர்க்குக் கொடுத்து, 1997ஆம் ஆண்டிலேதான் அவளை மீண்டும் கண்டவர். இரு மணமுறிவுகளையும் கடந்தவர். இவ்வளவும் கண்ட பின்னரும் அறிந்தேனல்லேன் என்கிறார். சொல் அதுவே. ஆனால் முன்னையது அடக்கம், பின்னையது அனுபவம்.

2001ஆம் ஆண்டில் இத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. இவ்விறுதிப் பாட்டின் இசையமைப்புக்காக மென்டோசாவுக்கும் ஒரு விருது கிடைத்தது. கதை அதனோடு முடிந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டில் மூளையின் இரத்தக் குழாய் நோயால் அம்மையார் வீழ்ந்தார். நடக்கவும் பேசவும் மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டியவரானார். இனிப் பாடமாட்டார் என்றே உலகம் எண்ணிற்று. 2022ஆம் ஆண்டு ஜூலையில், அதே நியூபோட் விழாவில், ஆசனத்தில் அமர்ந்தபடி, இளையோர் சூழ, அதே பாட்டைப் பாடினார். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில், தமது 80ஆவது வயதில், கிராமி விருது மேடையில் முதன் முறையாகப் பாடியபோதும் அதனையே பாடினார். 23, 56, 80 என மூன்று வயதில் ஒரே பாட்டு.

நேயர்களே, எனக்கும் இப்போது 56 வயது. ஓய்வு பெறும் நாளை எண்ணத் தொடங்கிவிட்டேன். குரல் தெளிவாக இருப்பவர் பாடட்டும், கால் உறுதியாக இருப்பவர் முன்னே நடக்கட்டும் என்பது விழா ஒழுங்குக்கு நல்ல விதி. அவ்விதியை நானும் பலகாலம் கைக்கொண்டேன். ஆனால் பிழையின்றிப் பாடுதல் வேறு, பொருள்படப் பாடுதல் வேறு என்பதை அன்று எங்கள் ஆசிரியர் அறையிலே ஒரு முணுமுணுப்பு எனக்குக் கற்பித்தது. இவ்விசைத்தட்டு அதனை உறுதிப்படுத்தியது.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அந்த ஆசிரியையை நானே நேரிற் சென்று அழைத்தேன். குரல் இல்லையே தம்பி என்று மறுத்தார். பிள்ளைகள் பின்னின்று தாங்குவார்கள், நீங்கள் முன்னின்று பாடுங்கள் என்றேன். 40 பிள்ளைகள் பின்னே நின்றனர். அவர் பாடினார். அவர் குரல் உடைந்த இடத்தில் பிள்ளைகளின் குரல் நிறைத்தது. மண்டபம் அமைதியாகக் கேட்டது. முன்னைய ஆண்டு பிழையின்றிப் பாடிய அந்த மாணவியும் அந்த நாற்பதின்மரில் ஒருத்தியாக நின்று பாடினாள். கீதம் முடிந்ததும் அவள் ஆசிரியையிடம் சென்று, மூன்றாம் அடியை அவ்வளவு மெதுவாகப் பாடியது ஏன் என்று கேட்டாள்.

"நீ இன்னும் சில காலம் பாடிக்கொண்டே இரு பிள்ளை, தெரியும்" என்றார் ஆசிரியை.